பாறையேற்றக் குழுவுக்குச் சிறு நிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பாறை ஏறுகிற பிள்ளைகள் அங்கங்கே சின்னக் கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு கயிறு, இரண்டு ஹார்னஸ் (இடுப்பில் மாட்டும் பட்டை), மூன்று பேருக்கு ஒரு ஜோடி ஷூ என்று ஓடுகிறது வண்டி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைச் சேர்த்த பிறகு ஆசையும் கூடிவிட்டது. ஆசை கூடினால் அடுத்தது நிதி கேட்டு விண்ணப்பம். “அண்ணே, ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடுங்க” என்று எனக்கு அனுப்புகிறார்கள். வாசித்துப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் அதே வரிசையில் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசித் தேதியை விடுவது, கேட்ட காகிதத்தை இணைக்காதது, கூட்டல் தப்பாகப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். பட்ட பிறகும் திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே குழுவிலிருந்து மூன்று விண்ணப்பம்

ஒரே நிதிக்கு ஆளாளுக்குத் தனித்தனியாகப் போடாதீர்கள். மூன்றும் போய்விடும்.

யாருக்கான நிதி என்று பார்க்காதது

அமெரிக்காவின் ஆக்சஸ் ஃபண்ட் பாறைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் நிதி அந்த நாட்டுப் பாறைகளுக்கானது. களக்காட்டிலிருந்து அதற்கு எழுதுகிற நேரத்தில் நாலு ரூட் ஏறிவிட்டு வரலாம்.

வெளிநாட்டுப் பணத்தை ஒருவன் சேமிப்புக் கணக்கில் வாங்குவது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துக் குழு ஒன்று. நல்ல பிள்ளைகள், நன்றாக ஏறுவார்கள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிப் போட்டார்கள், கிடைத்தும் விட்டது. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே. குழுவுக்குப் பதிவு கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. யார் பெயரில் வாங்கலாம் என்று பேசி, உள்ளதில் பொறுப்பான பையனின் சம்பளக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பணம் வங்கி வரைக்கும் வந்து நின்றது. இது என்ன பணம் என்று கேட்டுக் கிளையிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு அறிவாளி, “குடும்பச் செலவுக்குன்னு எழுதிக் குடுத்துருலே, ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்று புத்தி சொல்லியிருக்கிறார். இவனும் அப்படியே எழுதிக் கொண்டுபோனான். நல்லவேளை, கவுன்ட்டரில் இருந்த அம்மா அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஃபவுண்டேஷன் எப்பப்பா ஒன் குடும்பமாச்சு?” என்று கேட்டுவிட்டார்.

பணம் கட்டணம் கழிந்து வந்த வழியே திரும்பிப் போனது. அந்த அறக்கட்டளை அதன் பிறகு இவர்கள் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. கணக்கில் ஏறாமல் போனதே அவன் குலசாமி புண்ணியம்.

ஏன் என்று சொல்கிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்பார்கள். சமூக, கல்வி, பண்பாட்டு வேலைக்கென்று வெளிநாட்டு அமைப்போ வெளிநாட்டுக் குடிமகனோ பணம் கொடுத்தால், அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். வாங்குவது தனி ஆள் என்றாலும் இதே கதைதான். மீறினால் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ‘சின்னத் தொகைதானே அண்ணே’ என்பதுதான் நான் அதிகம் கேட்கிற பதில். இந்த மாதிரிப் பணத்துக்கு இவ்வளவுக்குக் கீழே என்றால் பரவாயில்லை என்று சட்டத்தில் ஒரு வரம்பும் கிடையாது.

சரி, பதிவு செய்துவிடலாமே என்பார்கள். சங்கம் தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் சங்கத்தின் வேலைகளுக்குப் பதினைந்து லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். மூன்று பேருக்கு ஒரு ஜோடி ஷூ வைத்திருக்கிற கூட்டத்துக்கு இது ஆகிற காரியமா? முன் அனுமதி என்கிற வழியில் இன்ன கொடையாளர், இன்ன தொகை, இன்ன வேலை என்று குறித்துக் கேட்கலாம். ஆனால் அதற்கும் பதிவு பெற்ற சங்கம் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய கணக்கு எஸ்பிஐயின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்காக இவ்வளவு தூரம் ஓடுவதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து வேண்டாம் என்பேன்.

இங்கேதான் குறுக்கு வழிகள் முளைக்கும். முதல் யோசனை: எஃப்சிஆர்ஏ பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி நமக்கு மாற்றிக் கொடுக்கட்டும். முன்பு பதிவுள்ள ஓர் அமைப்பு பதிவுள்ள இன்னொன்றுக்கு மாற்ற இடமிருந்தது. 2020 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. இப்போது வாங்கியவர் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது யோசனை: பயிற்சி கொடுத்ததாக ஒரு பில் போட்டு வாங்கிவிடலாம். உண்மையாகவே சேவை விற்று வாங்கும் கட்டணம் வேறு, நன்கொடைக்குப் பில் முகமூடி மாட்டுவது வேறு. முன்னது பங்களிப்பு ஆகாது என்று சட்டமே சொல்லிவிட்டது. பின்னதற்குப் பெயர் பொய்க் கணக்கு. மூன்றாவது: பணமாக வேண்டாம், பொருளாக அனுப்பச் சொல்லலாம். சங்கத்துக்காக வருகிற கயிறும் ஹெல்மெட்டும்கூடச் சட்டத்தின் கண்ணில் பங்களிப்புதான். போதாக்குறைக்குச் சுங்கத் தீர்வையும் வந்து நிற்கும்.

நேரான வழிகள் இல்லாமல் இல்லை. பதிவுள்ள தொண்டு நிறுவனம் தன் பெயரிலேயே விண்ணப்பித்து, தன் கையாலேயே செலவழித்து, கயிற்றைத் தன் சொத்தாகவே வைத்துக்கொண்டு உங்களுக்குப் பயிற்சி நடத்தலாம். பெயர் உங்களுக்கு வராது, கயிறு வரும். அடுத்தது நம்ம ஊர் ஆட்கள். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிற அண்ணாச்சி இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் தம்பி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் அதே தொகை பங்களிப்பாகிவிடும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா கொடுக்கிற ஓசிஐ அட்டை காப்பாற்றாது. யாரிடம் வாங்குகிறீர்களோ அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவது வழி உள்நாட்டு நிறுவனங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் என்று எங்கே பார்த்தாலும் காற்றாலை சுற்றுகிறது. அவற்றின் முதலாளிகளில் ஆண்டுக்கு ஐந்து கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கிற கம்பெனிகள், 2013 கம்பெனிச் சட்டப்படி முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி கொடுப்பது அதில் இருக்கிறது. சாகசம், சுற்றுலா என்று எழுதாமல் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி என்று எழுதுங்கள். கம்பெனிப் பணத்தைச் சங்கம் நேராக வாங்க வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். இல்லாதவர்கள், இருக்கிற உள்ளூர் அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து போங்கள்.

எதுவானாலும் சங்கத்தை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போதும். மூன்றாண்டு என்று எல்லோரும் கேட்கிற அந்தக் கடிகாரம் அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும். எஃப்சிஆர்ஏ விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் நான் சொன்னதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாமல், இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிடுங்கள். அந்த வாட்ஸ்அப் அறிவாளி இன்னும் அதே குழுவில் அதே புத்தியைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

பாறை யாருடையது என்று தெரியாமல் எழுதுவது

“எங்கள் ஊருக்கு வெளியே உள்ள இயற்கையான பாறை” என்று எழுதுகிறார்கள். நம் மாவட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பாறை என்று ஒன்று கிடையாது. புல எண்ணைக் கண்டுபிடித்து அ-பதிவேட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. கல்லாங்குத்தா, மலைப் புறம்போக்கா, பட்டா நிலமா, கோயில் நிலமா, குவாரிக் குத்தகைக்குப் போனதா என்று தெரியும். புரியவில்லையென்றால் விஏஓவைப் பாருங்கள். அவரைவிடத் தலையாரிக்கு அதிகம் தெரியும்.

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி என்று மேற்கே பார்த்த மலை முழுக்கக் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே போல்ட் (கயிறு மாட்டப் பாறையைத் துளைத்துப் பதிக்கிற ஆணி) அடிக்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதுவது, வனத்துறைக்கு நீங்களே எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு காட்டுக்குள் நடந்து போவதற்கே தனி விதி வந்துவிட்டது. மறுகால்தலை மாதிரி சமணர் கற்படுக்கையும் தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்தும் உள்ள குன்றுகளை நினைக்கவே நினைக்காதீர்கள். ஏறும்போது கையில் பூசுகிற சாக்பீஸ் தூள்கூடப் படக்கூடாது.

பதிவேட்டில் வராத உரிமை ஒன்றும் உண்டு. ஒரு குழு அனாதீனமாகக் கிடந்த பாறை என்று நினைத்து ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் வளையம்) போட்டது. பங்குனி உத்திரத்தன்று சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கியவர்கள், தங்கள் குலசாமியான சாஸ்தாவின் பீடத்துக்கு நேர் மேலே கம்பி வளையம் தொங்குவதைப் பார்த்தார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அங்கே ஒரு ஆள் இருக்கமாட்டார், அது உண்மைதான். அன்றைக்கு நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆங்கரைக் கழற்றி இடம் மாற்றிய பிறகு அந்த வரிதாரர்களே (கோயிலுக்கு வரி கட்டும் குடும்பத்தார்) ஊர்ச் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அதை முதலிலேயே கேட்டிருந்தால் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கலாம். ஊர்க்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கொடையாளர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

கார்த்திகையில் போல்ட்

பல விண்ணப்பங்களில் வேலைத் திட்டம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நிதியாண்டை வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை. ஈரத்துளையில் பசை போல்ட் பிடிக்காது. ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் காற்று ஆளையே தள்ளும், குற்றாலத்துப் பக்கம் சாரல். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே பாறையில் கை வைக்க முடியாது. மிஞ்சுவது தை, மாசி. அதை வைத்துத் திட்டம் போடுங்கள். ஏன் இந்த மாதங்கள் என்று இரண்டு வரி சேர்த்தால், இவன் அந்தப் பாறையில் நின்றிருக்கிறான் என்று வாசிப்பவருக்குத் தெரியும்.

இரும்புக் கடை போல்ட்

ஜங்ஷனில் கிடைக்கிற துத்தநாகப் பூச்சு போல்ட் கட்டடத்துக்கு. பாறைக்கு ஈஎன் 959 அல்லது யுஐஏஏ 123 தரம் பெற்ற துருவேறா எஃகு என்று பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். உவரி மாதிரிக் கடலோரம் என்றால் 304 ரக எஃகு வேண்டாம். 316கூடப் போதாமல் போகலாம், டைட்டானியம் என்று எழுதுவதே பத்திரம். எதுவானாலும் உப்பு தின்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

பொருளுக்கு மட்டும் பட்ஜெட்

வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த டாலர் விலையை ரூபாயாக்கி ஒட்டுகிறார்கள். தீர்வை, ஜிஎஸ்டி, அனுப்புகூலி ஏதுமில்லை. முதலுதவிப் பயிற்சிக்கு ஆளைக் கூப்பிடும் செலவு, பஸ் செலவு, காலைச் சாப்பாடு எதுவும் இல்லை. கேட்டால், “நம்ம பயலுவ தானே, பாத்துக்கிடலாம்ணே” என்கிறார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் வருவதில்லை, காரணம் வள்ளியூரிலிருந்து வந்துபோகிற காசு.

நைலான் பொருளுக்கு ஆயுள் உண்டு. தொடாமல் வைத்திருந்தாலும் பத்தாண்டைத் தாண்டக்கூடாது என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வாரம் தவறாமல் ஏறுகிற குழுவின் கயிறு அதில் கால்வாசிகூட வராது. யார் வீட்டில் வைப்பீர்கள், எதில் பதிவீர்கள், எப்போது கழிப்பீர்கள் என்று எழுதுங்கள். ஒரு குழு புதுக் கயிற்றை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தது. பேட்டரி அமிலம் நைலானுக்கு எமன், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். அந்தக் கயிறு ஒரு நாள்கூடப் பாறையைப் பார்க்கவில்லை. இப்போது யாரோ ஒருவர் வீட்டில் துணி காயப்போடுகிறார்கள்.

போட்டோவுக்குப் பெண்பிள்ளைகள்

பாதிப்பேர் பெண்கள் என்று எழுதிவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு பஸ்ஸே இல்லாத ஊரில் பயிற்சி வைத்தால் யார் அனுப்புவார்கள்? உடை மாற்ற இடம், திரும்பிப் போக வண்டி, கூட வரும் ஓர் அக்கா. இந்த மூன்றுக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லையென்றால் அந்தப் பாதியை எழுதாதீர்கள்.

கணக்கு கொடுக்காதது

கொடுங்கள். கேட்பதற்கு முன்பே.

மிஞ்சிய பணம்

கொடையாளரைக் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள். கேட்காமல் டீ-ஷர்ட் அடிக்காதீர்கள்.