ஸ்ட்ரைஃப் பந்தயம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் ஊரில் ஜனவரிதோறும் நடக்கும் ஹானென்காம் பனிச்சறுக்குப் பந்தயத்தை, அதாவது ஸ்ட்ரைஃப் என்ற மலைப்பாதையில் வீரர்கள் இறங்கும் பந்தயத்தை, புதிதாகப் பார்ப்பவர்கள் தாவல்களை மட்டுமே ரசிக்கிறார்கள். கிளம்பிய சில நொடிகளில் மௌஸஃபாலே என்ற தாவல் விளிம்பிலிருந்து வீரர் அந்தரத்தில் பறப்பார். கண் அங்கேயே நின்றுவிடும். ஆனால் பந்தயம் பல நேரம் கைநழுவுவது அதற்குக் கொஞ்சம் கீழே, ஸ்டைல்ஹாங் சரிவை விட்டு வெளியேறும் வலப்பக்கத் திருப்பத்தில். அதன் பின் வருவது ஏறக்குறைய சமதளமான நீண்ட பகுதி. திருப்பத்தில் வேகத்தை இழந்தவர் அங்கே அதை மீட்கவே முடியாது. ஒவ்வொரு மீட்டரிலும் பின்தங்குவார். 2008இல் அமெரிக்க வீரர் போட் மில்லர் இந்த இடத்தில் ஓரத் தடுப்பின் மேலேயே ஏறி ஓடி, அப்படியும் இரண்டாம் இடம் பிடித்தார். அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!

அடுத்தது, இந்தப் பாதையில் 85 சதவீதச் சரிவு இருக்கிறது என்றதும் 85 டிகிரி என்று நினைத்துக்கொள்வது. உண்மையில் அது சுமார் 40 டிகிரிதான். 'தான்' என்று சொன்னாலும், தண்ணீர் பாய்ச்சி இறுக்கிய பனியில் அது பயங்கரம். தொலைக்காட்சிக் கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடுவதால் நமக்கு அந்தப் பயம் தெரிவதில்லை.

ஆஸ்திரிய வீரர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபிள் 1997இல் 1 நிமிடம் 51.58 நொடியில் இறங்கினார். 3,312 மீட்டர் தூரத்துக்கு, சராசரியாக மணிக்கு சுமார் 107 கிலோமீட்டர். இந்த நேரத்தை வைத்து மற்ற ஆண்டுகளின் வெற்றியாளர்களை எடைபோடுவது சரியல்ல. பனியின் தன்மையும், வீரர் கடக்க வேண்டிய வாயில்களை (கம்பங்களை) நடும் விதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கடைசிப் பகுதியில் ஹவுஸ்பெர்க்கான்டே தாவல் முடிந்ததும் மூச்சு விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்த, கரடுமுரடான தளத்தைக் களைத்த கால்களோடு குறுக்கே கடக்க வேண்டும். கீழே வழுக்கிப் போனால் இறுதி நேர்ச்சரிவுக்கான வேகம் போச்சு.

அப்புறம், இது இளசுகளின் ஆட்டம் என்ற எண்ணம். இந்த மலையை மனப்பாடம் செய்யவே பல ஆண்டுகள் ஆகும். ஸ்விட்சர்லாந்தின் டிடியே கூஷ் தன் ஐந்தாவது வெற்றியை 2012இல், 37 வயதில் பெற்றார். பிரான்சின் யோஹான் கிளாரே 2023இல் இங்கே இரண்டாம் இடம் பிடித்தபோது அவருக்கு வயது 42.