நாய், பூனைக்குப் பெரிய நோயா? சீட்டோடு வேப்பேரி போங்க

வேலூரில் பார்க்கும் டாக்டர் "ஸ்கேன் எடுக்கணும், ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று சொன்னால், அவரிடமே பரிந்துரைக் கடிதம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கொடுத்த மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். என்ன ஊசி, எந்தத் தேதியில் என்பது ரொம்ப முக்கியம்.

அது அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. அதனால் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, பல துறை மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதே டெஸ்டை மறுபடி எடுக்கும் செலவும் பெரும்பாலும் மிச்சம். காலையிலேயே போய்ச் சேருவது நல்லது. நம்ம ஊர் வெயிலில் நோயாளிப் பிராணியை மதியம் கொண்டுபோகவே வேண்டாம்.

மூச்சுத் திணறல், விஷம், பாம்புக்கடி, வண்டி மோதியது, வயிறு திடீரென உப்புவது, சிறுநீர் அடைப்பு, இதற்கெல்லாம் இது பொருந்தாது. 140 கிலோமீட்டர் தாங்காது. ரத்தபேதி, வாந்தியில் துவண்ட குட்டிக்கும் முதலில் இங்கேயே டிரிப்ஸ் ஏற்றுங்க. பக்கத்தில் திறந்திருக்கும் மருத்துவமனை எதுவோ, அங்கேதான் உடனே ஓடணும்.