மினியேச்சர் போர் விளையாட்டு: படை திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய போர்களைச் சின்னச் சின்ன வீரர்களை வைத்து மேசைமேல் ஆடிப் பார்க்கும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது பெயின்ட் பற்றித்தான். எந்த பிரஷ் வாங்கலாம், எந்த பெயின்ட் நல்லது, எத்தனை கோட் அடிக்க வேண்டும்? இதெல்லாம் கை பழகப் பழகத் தானாக வந்துவிடும். ஒரு படையை உண்மையிலேயே கெடுக்கிற தவறுகள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எந்தப் போர், எந்த வருடம், எந்த அளவு, எந்த விதிகள் என்று முடிவு செய்யாமலே பெட்டி பெட்டியாக வாங்குவதுதான் அவற்றில் பெரியது.

"நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை சேர்க்கப் போகிறேன்" என்பது இன்னும் முடிவே ஆகாது. 1805 டிசம்பர் 2 அன்று ஆஸ்டர்லிட்ஸ் போரில் நின்ற பிரெஞ்சு லைன் காலாட்படை (சாதாரண வரிசைக் காலாட்படை) வீரன் தலையில் இருந்தது பைகார்ன் என்ற அகன்ற மடிப்புத் தொப்பி. உருளை வடிவ ஷாகோவை லைன் படைக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததே 1806இல்தான். 1808 பிப்ரவரியில் பட்டாலியன் என்ற காலாட்படைப் பிரிவின் அமைப்பும் மாறி, கம்பெனி எனப்படும் ஆறு உட்பிரிவுகளாகச் சுருங்கியது. நான்கு ஃபியூசிலியர் (சாதாரண வீரர்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்டிஜர் (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்). அப்புறம் 1812இல் புதிய சீருடை விதிகள் வந்தன. மேலங்கியின் முன்பக்கம் இடுப்புவரை மூடிக்கொண்டது, பின்வால் குட்டையானது. அந்த உடை படையில் பரவலாகத் தெரிவது 1813 வாக்கில். ஆக, 1815 வாட்டர்லூ போருக்காக வார்த்த உருவங்களை வாங்கி ஆஸ்டர்லிட்ஸ் ஆடினால் தொப்பியும் தப்பு, சட்டையும் தப்பு, கம்பெனிக் கணக்கும் தப்பு. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வருடங்களைப் படித்துவிட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதைதான். ஜெர்மானிய ராணுவ வண்டிகளுக்கு 1943 பிப்ரவரி வரை அடிவண்ணம் கரும்சாம்பல்; அடர்மஞ்சள் அதற்குப் பிறகுதான் வந்தது. 1941 கோடையில் ரஷ்யாவுக்குள் நுழையும் டாங்கிக்கு மஞ்சள் அடித்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. டைகர் 1 என்ற கனரக டாங்கி மொத்தமே சுமார் 1,350தான் கட்டப்பட்டது. நடுத்தர டாங்கியான பான்சர் 4 ஏறக்குறைய 8,500. எதிர்ப்பக்கம் சோவியத்தின் டி-34 டாங்கி ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஆனால் மேசைகளைப் பார்த்தால் ஜெர்மானியர் பக்கம் டைகராகவே நிற்கிறது! பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போர் நடந்த விதம் மேசையில் தெரியாமலே போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. சீருடை விதிகளை வரிக்கு வரி பின்பற்றி, எல்லா வீரரையும் அணிவகுப்புக்குக் கிளம்பியவர்போல் பூசிவைப்பது. களத்தில் மாதக்கணக்கில் நடந்த படை அப்படி இருந்ததே இல்லை. ஸ்பெயினில் போரிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கிடைத்த பழுப்புத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஷாகோவின்மேல் உறை மாட்டியிருந்தார்கள். பட்டாலியனில் நாலைந்து பேருக்குப் பழுப்புக் கால்சட்டை, இரண்டு பேருக்கு முழங்காலில் ஒட்டு. அவ்வளவு போதும், படைக்கு உயிர் வந்துவிடும்.

அளவு என்ற பொறி

28 மி.மீ. என்று போட்டிருக்கும் உருவங்கள் எல்லாம் ஒரே உயரம் என்று நம்பி வாங்குவது அடுத்த தவறு. சில நிறுவனங்கள் பாதத்திலிருந்து கண்வரை அளக்கின்றன, சில உச்சந்தலைவரை. தலையும் கையும் சற்றுப் பெரிதாக வார்க்கும் பாணி ஒன்று, மெலிந்த இயல்பான உடற்கட்டு இன்னொன்று. இரண்டையும் ஒரே பட்டாலியனில் கலந்தால் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நிற்பதுபோல இருக்கும். ஒரு பிரிவுக்கு ஒரே தயாரிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிரிவு வேறு தயாரிப்பாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வண்டிகளிலும் இதே குழப்பம் உண்டு. 28 மி.மீ. வீரர்களோடு 1/56 அளவு வண்டி, அதாவது நிஜத்தில் 56இல் ஒரு பங்கு, நன்றாகப் பொருந்தும். 1/48 வண்டி பக்கத்தில் நின்றால் பெருத்துத் தெரியும். 15 மி.மீ. என்றால் 1/100 வாங்க வேண்டும்.

பலரும் யோசிக்காத இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். 1/56 அளவில் 100 மீட்டர் என்பது மேசையில் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். பரவலாகப் பயன்படும் ஆறடிக்கு நாலடி மேசையின் நீளமே அவ்வளவுதான். அதாவது ஒரு மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடக்கூடிய தூரத்துக்கே முழு மேசையும் போய்விடும். அதனால்தான் பெரிய போர்களுக்கான விதிகள் நிலத்தின் அளவை உருவங்களின் அளவிலிருந்து பிரித்து, மிகச் சிறிதாக வைத்துக்கொள்கின்றன. இது தெரியாமல் ஒரு பண்ணை வீட்டை அளவு பிசகாமல் அருமையாகக் கட்டி வைத்தால் அந்த ஒரே வீடு பாதிக் களத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டின் உயரம் வீரனுக்குப் பொருந்தட்டும், தரைப்பரப்பைத் தாராளமாகக் குறைத்துக் கட்டுங்கள். முழுப் பெரும்போரையும் ஒரே மேசையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் 6 அல்லது 10 மி.மீ. பக்கம் போவதே சரி.

உருவங்களை ஒட்டும் அடித்தட்டையும் விதிகளைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். பழங்காலப் போர்களுக்கான விதிகள் பல, 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ. அகலமும் பெரிய உருவங்களுக்கு 60 மி.மீ. அகலமும் கேட்கின்றன. நூறு பேரை ஒட்டி, மணல் தூவி, புல் வைத்து முடித்தபின் தட்டு பொருந்தவில்லை என்று தெரிந்தால் பெயர்த்தெடுக்கும் வேலை கொடுமையானது. முதலில் அட்டையை அதே அளவில் வெட்டி, மேலே பெயர் எழுதி, இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள். விதி பிடித்திருந்தால் அப்புறம் வாங்கலாம்.

வேலை மேசையில்

இங்கே தவறுகள் நிறைய, ஆனால் பெரும்பாலானவை சுலபமாகத் தவிர்க்கக் கூடியவை. பிளாஸ்டிக் மாடல் பசை பாலிஸ்டைரீனை இளக்கி ஒட்டுகிறது. ரெசின் என்ற வார்ப்புப் பிசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது. அவற்றுக்கு சூப்பர் குளூ. அதே சூப்பர் குளூவை விமானத்தின் கண்ணாடிக் கூண்டில் தொட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும், அங்கே சாதாரண வெள்ளைப் பசை போதும். ரெசின் பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பூசினால் அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுவழுப்பு மிச்சமிருந்து பெயின்ட் உரியும். ரெசினைத் தேய்க்கும்போது நனைத்துத் தேயுங்கள், முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும், வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

அச்சுக் கோடுகளைச் சுரண்டாமல் விடுவதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியாது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பதற்கு முன் கத்தியின் முதுகால் இரண்டு நிமிடம் சுரண்டினால் போய்விடும். விட்டால், எவ்வளவு அழகாகப் பூசினாலும் கன்னத்தின் குறுக்கே ஒரு தழும்பு ஓடும்.

நிறத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உண்மையான துணியின் அடர்நீலத்தை அப்படியே 15 மி.மீ. வீரன்மேல் பூசினால் மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது கருப்பாகத்தான் தெரியும். உருவம் சிறுக்கச் சிறுக்க நிறத்தை வெளுப்பாக்க வேண்டும். பிரெஞ்சு நீலத்தோடு கொஞ்சம் வெளிர்நீலம் கலந்து, மடிப்புகளின் மேட்டில் இன்னும் வெளுப்பாக ஒரு கோடு இழுங்கள். கையில் வைத்துப் பார்த்தால் மிகையாகத் தோன்றும், மேசையில் வைத்தால் சரியாக இருக்கும். மாடலை எப்போதும் விளையாடும் தூரத்திலிருந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

டீக்கால் என்ற நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை ஒட்டுவதில் பலர் தோற்பது மேற்பரப்பால்தான். மங்கல் பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டினால் சொரசொரப்புக்குள் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளியாகப் பளபளக்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், காய்ந்ததும் டீக்கால், படியவைக்கும் திரவம் ஒரு தொடு, கடைசியில் மங்கல் வார்னிஷ். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் பக்கமே போகாதீர்கள். முடித்த படைமேல் பனி பெய்ததுபோல் வெண்மை படிந்துவிடும்.

காட்சிக்கான மாடலும் ஆடுவதற்கான மாடலும் வேறு வேறு. மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டிய நுண்பாகங்களும் பிளாஸ்டிக் ஆன்டெனாவும் இரண்டாவது ஆட்டத்தையே தாங்காது. ஈட்டிகளுக்கு எஃகுக் கம்பி போடுங்கள், உருவத்தைத் தூக்கும்போது அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள்.

கடைசியாக, படை முழுதாகச் சேரட்டும் என்று ஆட்டத்தைத் தள்ளிப்போடுவதும், இரு பக்கப் படைகளுக்கும் விதிகள் தரும் மதிப்புப் புள்ளிகள் சரிசமமாக இருந்தால் மட்டுமே ஆடுவதும் தவறுகள்தான். வரலாற்றில் சமமான போர் அபூர்வம். 1815 ஜூன் 16 அன்று பெல்ஜியத்தில் உள்ள குவாத்ர் பிரா என்ற சாலைச் சந்திப்பில் பிற்பகல் போர் தொடங்கியபோது நேச நாட்டுப் பக்கம் சுமார் 8,000 பேர், எதிரே பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். நேச நாட்டுத் தளபதி வெலிங்டனின் உதவிப் படைகள் மாலைவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தன. இதை ஆட உங்களிடம் எல்லாப் பிரிவுகளும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பிரிகேட் (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) பூசி முடித்திருந்தால் சாலைச் சந்திப்பில் நிறுத்துங்கள். அடுத்த பட்டாலியன் எந்தச் சுற்றில் வந்து சேரும் என்பதைப் பகடை சொல்லட்டும்.