கலேரா கிளஸ்டரில் லாக் அமைப்புகள்: எதை மாற்ற வேண்டும், எதை மாற்றி பயனில்லை

ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்த மரியாடிபி டேட்டாபேஸை மூன்று நோடு (சர்வர்) கலேரா கிளஸ்டராக, அதாவது எல்லா நோடும் ஒரே டேட்டாவை வைத்திருக்கும் அமைப்பாக, மாற்றினால் முதலில் வருகிற புகார் பெரும்பாலும் இதுதான்: இதுவரை பார்க்காத டெட்லாக் (டிரான்சாக்ஷன்கள் மோதிக்கொண்டன என்ற) பிழை வருகிறது, அதுவும் மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் கொடுக்கும்போது வருகிறது. உடனே லாக் டைம்அவுட்டை, அதாவது இன்னொருவர் பிடித்துவைத்திருக்கும் ரோவின் பூட்டுக்காக (லாக்) காத்திருக்கும் நேரத்தை, கூட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காரணம், கலேராவில் கிளஸ்டர் முழுவதற்குமான லாக் மேனேஜரே கிடையாது. ஆரக்கிள் ராக் (ஆரக்கிளின் கிளஸ்டர் டேட்டாபேஸ்) மாதிரியான அமைப்பில், ஒரு டேட்டா பிளாக்கைத் தொடும் முன்பே ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் இன்ஸ்டன்ஸ்கள் தங்களுக்குள் பேசி அனுமதி வாங்கிக்கொள்ளும். கலேராவில் ஒரு ரோவை நீங்கள் அப்டேட் செய்தால் அந்த லாக், நீங்கள் இணைந்திருக்கும் நோடின் இன்னோடிபிக்கு (டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சின்) மட்டும்தான் தெரியும், மற்ற இரண்டு நோடுகளுக்கும் கமிட் நேரத்தில்தான் செய்தியே போகும். அப்போது எல்லா நோடுகளும் ஒரே வரிசையில் சரிபார்க்கும், முதலில் வந்த டிரான்சாக்ஷன் ஜெயிக்கும், அதே ரோவைத் தொட்ட இன்னொன்றுக்கு 1213 என்ற டெட்லாக் பிழை கிடைக்கும். வேறு நோடிலிருந்து வரும் மாற்றம் உள்ளூர் லாக்குக்காகக் காத்திருக்காது, லாக் வைத்திருப்பவரைத் தூக்கிவிட்டு உள்ளே வரும். டைம்அவுட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் இரண்டு டெர்மினல் திறந்து, இரண்டு நோடுகளில் தனித்தனியாக டிரான்சாக்ஷன் ஆரம்பித்து, ஒரே ரோவை இரண்டிலும் அப்டேட் செய்யுங்கள். இரண்டுமே உடனே முடிந்துவிடும், யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். ஒன்றில் கமிட் கொடுத்தபின் மற்றதிலும் கொடுங்கள், 1213 வந்து நிற்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அளவு பார்க்க வேண்டும். 'டபிள்யூஎஸ்ரெப் லோக்கல் செர்ட் ஃபெயிலியர்ஸ்', 'டபிள்யூஎஸ்ரெப் லோக்கல் பிஎஃப் அபார்ட்ஸ்' என்ற இரண்டு ஸ்டேட்டஸ் எண்களை (சரிபார்ப்பில் தோற்றவை, வேறு நோடின் மாற்றத்தால் தூக்கப்பட்டவை) ஒவ்வொரு நோடிலும் தனியாகப் பாருங்கள் (இந்தப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்). கூடவே 'டபிள்யூஎஸ்ரெப் லாக் கான்ஃப்ளிக்ட்ஸ்' (இங்கே லாக் என்பது log, பூட்டு அல்ல) என்பதை ஆன் செய்துவிட்டால் எந்த டேபிளில் மோதல் என்பது எரர் லாகில் விழும். இது இயல்பாக ஆஃப் ஆகத்தான் இருக்கும், அதனால் பலரும் எந்த டேபிள் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தேடுகிறார்கள்.

அடுத்து, மாற்றக்கூடாத சில விஷயங்கள். 'இன்னோடிபி ஆட்டோஇன்க் லாக் மோட்' (ஐடி எண்கள் தானாகக் கூடும் முறை) 2 ஆகவே இருக்க வேண்டும், பின்லாக் (மாற்றங்களின் பதிவு) வடிவம் ரோ, டேபிள்கள் எல்லாம் இன்னோடிபி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமரி கீ. ஐடி எண்கள் 1, 4, 7 என்று தாவிப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நோடுகள் ஒரே எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக கலேராவே அப்படிப் பிரித்துக்கொள்கிறது.

இப்போது உண்மையில் பலன் தரும் மாற்றம்: எழுதுவதை எல்லாம் ஒரே நோடுக்கு அனுப்புங்கள். மூன்று நோடிலும் எழுத முடியும் என்று விளம்பரப்படுத்தப்படுவது உண்மைதான், ஆனால் ஒரே ரோக்களுக்கு அடித்துக்கொள்ளும் அப்ளிகேஷனுக்கு அது வரம் இல்லை. எழுத்து ஒரே நோடுக்குப் போனால் மோதல்கள் எல்லாம் பழையபடி இன்னோடிபி லாக்காக மாறிவிடும், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருப்பார். இணைப்புகளை நோடுகளுக்குப் பிரித்து அனுப்பும் ஹெச்ஏபிராக்ஸியில் எழுத ஒரு போர்ட், படிக்க ஒரு போர்ட் வைத்து, எழுதும் பக்கத்தில் ஒரு நோடைத் தவிர மற்ற இரண்டையும் பேக்கப் என்று குறித்தால் போதும். எழுதிய உடனே வேறு நோடில் படிக்கும் இடங்களில் மட்டும் அந்த செஷனில் 'டபிள்யூஎஸ்ரெப் சிங்க் வெயிட்' 1 ஆக்குங்கள் (மாற்றங்கள் வந்துசேரும்வரை படிப்பு காத்திருக்கும்), எல்லா இடத்திலும் போட்டால் ஒவ்வொரு படிப்பும் தாமதமாகும்.

எழுத்து ஒரு நோடுக்கு வந்தபிறகுதான் டைம்அவுட்டுக்கு அர்த்தம் வருகிறது. 'இன்னோடிபி லாக் வெயிட் டைம்அவுட்' இயல்பாக 50 விநாடி. வெப் அப்ளிகேஷனுக்கு அது ரொம்ப அதிகம், 10 போதும் என்பது என் கருத்து. ஆனால் இந்த டைம்அவுட்டில் வரும் 1205 பிழை கடைசி ஸ்டேட்மென்ட்டை மட்டும்தான் ரத்து செய்யும், டிரான்சாக்ஷன் அப்படியே திறந்து கிடக்கும், நீங்கள்தான் ரோல்பேக் கொடுக்க வேண்டும். 1213 வந்தால் முழு டிரான்சாக்ஷனும் போய்விடும்.

ரீட்ரை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'டபிள்யூஎஸ்ரெப் ரீட்ரை ஆட்டோகமிட்' இயல்பாக 1, அதை 3 அல்லது 4 ஆக்கலாம், ஆனால் அது தனி ஸ்டேட்மென்ட்டுகளுக்கு மட்டும்தான். பிகின், கமிட் போட்டு எழுதும் டிரான்சாக்ஷனை அப்ளிகேஷன்தான் முதலிலிருந்து திரும்ப ஓட்ட வேண்டும், கடைசி வரியை மட்டும் திரும்ப அனுப்பினால் பாதி வேலை காணாமல் போகும். கமிட்டின் பதிலையும் சோதியுங்கள், அங்கேயும் பிழை வரும் என்று பழைய கோடு எதிர்பார்த்திருக்காது. டிரான்சாக்ஷனுக்கு நடுவில் எஸ்எம்எஸ் அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை வெளியே எடுங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை போகும்.

பெயர் சொல்லி லாக் வாங்கும் 'கெட் லாக்' ஃபங்ஷன், டேபிளையே பூட்டும் லாக் டேபிள்ஸ் இரண்டும் அந்தந்த நோடுக்கு உள்ளே மட்டும்தான். மூன்று சர்வரிலும் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும் என்று 'கெட் லாக்' வைத்திருந்தால், ஒவ்வொன்றும் தன் பக்கத்து நோடில் லாக் வாங்கி மூன்றும் ஓடும். படிக்கும்போதே ரோவைப் பூட்டும் செலக்ட் ஃபார் அப்டேட்டும் அப்படித்தான். இவற்றையும் எழுதும் போர்ட் வழியாகவே அனுப்புங்கள். பெரிய டெலீட்டுகளை ஆயிரம் ஆயிரம் ரோவாக உடைத்துக் கமிட் செய்யுங்கள். ஆல்டர் டேபிள் இயல்பான முறையில் முழு கிளஸ்டரையும் நிறுத்திவைக்கும், அதனால் பெரிய டேபிளுக்கு பெர்கோனாவின் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹெச்ஏபிராக்ஸியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. எழுதும் நோடு விழுந்து மீண்டும் எழுந்தால் புது இணைப்புகள் அதற்குத் திரும்பும், பழைய இணைப்புகளோ பேக்கப் நோடிலேயே எழுதிக்கொண்டிருக்கும். கனெக்ஷன் பூல் (திறந்த இணைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது) வைத்திருந்தால் இந்த நிலை மணிக்கணக்கில் நீளலாம், அதுவரை இரண்டு நோடில் எழுத்து, 1213 மறுபடி தலைகாட்டும். முதல் நோடு எழுந்ததும் பேக்கப் செஷன்களை வெட்டிவிடச் சொல்லும் ஆப்ஷன் ஹெச்ஏபிராக்ஸியிலேயே இருக்கிறது, அதை முதல் நோடின் சர்வர் வரியில் சேர்த்துவிடுங்கள்.