துளியில் வளர்ந்தது புரதமா, உப்பா?

புரதத்தைப் படிகமாக்க வைத்த துளியில் முதல் படிகத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழே கற்கண்டு மாதிரி, ஓரமெல்லாம் கத்தியால் சீவியது போலப் பளபளத்தது. மூன்று வாரம் அதைப் பெரிதாக்கப் பாடுபட்டேன். எக்ஸ்ரேயில் வைத்தால் படம் முழுக்க விரல் விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள், அவையும் தூரத் தூரமாக. புரதப் படிகம் என்றால் நெருக்கமாக நூற்றுக்கணக்கில் வந்திருக்க வேண்டும். வேதியியல் துறை நண்பர் ஒருவர் செல் அளவு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின் அளவு) எடுத்துத் தந்தார்: 6.9, 6.1, 11.2 ஆங்ஸ்ட்ராம். புரதம் உள்ளே நுழையவே முடியாத பெட்டி அது.

வந்திருந்தது ஸ்ட்ரூவைட், அதாவது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். சிறுநீரகக் கல் சிலவற்றில் இருப்பதும் இதுவே. புரதத்தைச் சுத்தம் செய்யும் கடைசி குழாயிலிருந்து (column) அதை 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (pH மாறாமல் வைக்கும் கரைசல்) இறக்கி அப்படியே துளி வைத்தது என் தவறு. ரிசர்வாயரில், அதாவது துளியோடு கலந்து, அதற்குக் கீழே குழியிலும் வைக்கும் கரைசலில், மக்னீசியமும் அம்மோனியமும் இருந்தன, pH 8.5. இனி என்ன வேண்டும்?

ஆகவே துளி வைக்கும்போதே, அதே கவர்ஸ்லிப்பில் (துளி தாங்கும் மெல்லிய கண்ணாடி) பக்கத்தில் புரதமில்லாத துளி ஒன்றும் வையுங்கள். புரதம் இருந்த அதே பஃபர் 1 மைக்ரோலிட்டர், ரிசர்வாயர் 1 மைக்ரோலிட்டர். அதிலும் படிகம் வந்தால் உப்புதான், சந்தேகமே வேண்டாம். வராவிட்டால் மட்டும் புரதம்தான் என்று உடனே குதிக்காதீர்கள்.

அடுத்தது ஊசியால் குத்திப் பார்ப்பது. புரதப் படிகத்தில் பெரும்பாலும் பாதி அளவுக்குத் தண்ணீர்தான், தொட்டால் நொறுங்கிப் பொடியாகும். உப்பு எதிர்த்து நிற்கும், சில சமயம் 'டக்' என்ற உணர்வு கைக்கே தெரியும். மெத்திலீன் ப்ளூ சாயத்தையும் சிறிது விட்டுப் பார்க்கலாம். படிகம் நீலத்தை உறிஞ்சினால் புரதமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டுமே படிகத்தைக் கெடுக்கும், இருக்கும் ஒரே படிகத்தில் செய்யாதீர்கள். போலரைசரில் வண்ணம் ஜொலிப்பதை நம்பவே வேண்டாம், புரதமும் உப்பும் ஜொலிக்கும்.

நான் முழுதாக நம்புவது ஜெல்லைத்தான், அதாவது புரதத்தை மின்சாரத்தால் ஓட்டிப் பட்டையாகப் பிரித்துக் காட்டும் சோதனையை. சில படிகங்களை எடுத்து, ரிசர்வாயர் கரைசலில் மூன்று முறை கழுவி, கரைத்து ஓட்டுங்கள். கழுவிய கடைசி நீரையும் பக்கத்து லேனில் (ஜெல்லின் தடம்) ஓட்ட மறக்கக் கூடாது. அது காலியாக இருந்து, படிக லேனில் பட்டை வந்தால் கொண்டாடலாம்.

பாஸ்பேட்டை விரட்டுவது எளிது. கான்சன்ட்ரேட்டரில் (புரதத்தைத் தக்கவைத்து நீரை வடிக்கும் குழாய்) புரதத்தை 20 மில்லிமோலார் ஹெப்பஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்), 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடுக்கு மாற்றுங்கள். பத்து மடங்கு நீர்த்து, திரும்பச் சுருக்கி, இதை மூன்று முறை செய்தால் 50 மில்லிமோலார் பாஸ்பேட் 0.05 ஆகிவிடும். சில புரதங்கள் பாஸ்பேட் போனதும் கலங்கி வீழ்படிவாகும், அதனால் முதலில் கொஞ்சம் எடுத்துச் சோதியுங்கள்.

ஊசி பழக வேண்டுமா? லைசோசைம் (எளிதில் படிகமாகும் புரதம்) வாங்கி, 0.1 மோலார் சோடியம் அசிடேட், pH 4.6-இல் மில்லிக்கு 50 மில்லிகிராம் கரையுங்கள். ரிசர்வாயரில் 6 சதவீதம் சாப்பாட்டு உப்பு போதும், ஓரிரு நாளில் படிகம் வந்துவிடும். அப்புறம் அதே ரிசர்வாயரிலிருந்து ஒரு சொட்டைத் தனியாகக் காயவிட்டால் உப்புக் கல்லும் கிடைக்கும். இரண்டையும் மாறி மாறிக் குத்திப் பாருங்கள்.