திவால் வழக்கு: 341 கூட்டத்துக்கு வர முடியாவிட்டால்

அமெரிக்காவில் திவால் மனு போட்டவர், கடன் கொடுத்தவர்களுக்கான கூட்டத்தில் சத்தியம் செய்து பதில் சொல்லியாக வேண்டும். சட்டப் பிரிவு எண்ணை வைத்து இதை 341 கூட்டம் என்பார்கள். நீதிபதி இதில் இருக்க மாட்டார், நடத்துபவர் டிரஸ்டி, அதாவது திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர். அதனால் வர முடியாத நிலை வந்தால் முதலில் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான், வக்கீல் இருந்தால் அவர் மூலமாக. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டாக்டர் கடிதத்தோடு, கூட்டத்துக்கு முன்பே வேறு தேதி கேளுங்கள். தயவுசெய்து சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். மனுவே தள்ளுபடி ஆகலாம். அப்புறம் மனு போட்டதால் கடன் வசூலுக்கு இருந்த தடையும் போய்விடும்.

இப்போது சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் வகை), சாப்டர் 13 (தவணையில் கடனைக் கட்டும் வகை) திவால் வழக்குகளில் பெரும்பாலும் ஜூம் வழியாகத்தான் கூட்டம் நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்கூடக் கலந்துகொள்ளலாம். புகைப்பட அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான ஆதாரம் இரண்டையும் தயாராக வையுங்கள்.

பேசவே முடியாத நிலையா? எழுத்தில் பதில் தருவது, பவர் ஆஃப் அட்டர்னி உள்ளவர் பதில் சொல்வது போன்ற வழிகள் உண்டு. ஆனால் இவை தானாகக் கிடைக்காது, சில இடங்களில் கோர்ட் அனுமதியும் வேண்டும். கூட்ட நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே கேட்டு வையுங்கள்.