கடைக்கு ஒரு நம்பர், நமக்கு ஒரு நம்பர்

வீட்டுல இருந்தே புடவை, பொடி, கேக்னு விக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு இது. தயவுசெஞ்சு கடைக்குன்னு தனி நம்பர் ஒண்ணு வாங்கிடுங்க. நான் ரெண்டு வருஷம் ஒரே நம்பர்லயே சுங்குடி புடவை வித்தேன், மாமனார் தவறினப்போ வெச்ச ஸ்டேட்டஸுக்கு ரிப்ளையா "அந்த மாம்பழ கலர் இன்னும் இருக்கா"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, மனசு கஷ்டமா போச்சு, ஆனா அவங்க மேல தப்பே இல்ல, அவங்களுக்கு அது கடை நம்பர்தானே.

ஒரே போன்ல சாதா வாட்ஸப்பும் வாட்ஸப் பிசினஸும் வெச்சுக்கலாம், நம்பர் மட்டும் வேற வேறயா இருக்கணும். பிசினஸ்ல கேட்டலாக், அதாவது நம்ம பொருளோட போட்டோ, விலை லிஸ்ட் போடலாம், ராத்திரி யாராவது கேட்டா "காலைல 10 மணிக்கு பதில் சொல்றேங்க"ன்னு தானா போற மாதிரி அவே மெசேஜும் செட் பண்ணிடலாம். இன்ஸ்டாலயும் தனி அக்கவுன்ட்தான் நல்லது.

அதுக்காக கடை பேஜ்ல வெறும் புடவை போட்டோவா போட்டாலும் நம்பிக்கை வராதுங்க. நான் முந்தானைய கையில பிடிச்சு, சாயம் போட கட்டுன முடிச்ச இழுத்து பிரிச்சு அந்த புள்ளி விரியறத வீடியோ எடுத்து என் குரல்லயே பேசுவேன், அதுக்குதான் நிறைய பேர் விலை கேப்பாங்க. நம்ம கை, குரல், பேர் எல்லாம் வரட்டும். பிள்ளைங்க முகம், ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல் மட்டும் வேணாம். பார்சல் போட்டோ போடறப்போ அட்ரஸயும் மறைச்சிடுங்க, நம்மளுதும் கஸ்டமரோடதும்.